ஞாயிற்றுக்கிழமை வேன் வேண்டாம், மச்சான்

கோச்சடை, மதுரை
வியாழக்கிழமை

பேரையூரில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் ஜெயராம் அவர்களுக்கு, விஸ்வேஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை ஸ்யாமளாவும் மகள் தீப்தியும் சுகம். வழக்கத்துக்கு எழுதும் சுகம் இல்லை, இந்த முறை நிஜமாகவே சுகம். அங்கு அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதல் காரியமாக, ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசி வைத்த வேனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் நான் போனில் அழாத குறையாக, "பிள்ளை கைமீறிப் போயிருச்சு மச்சான்" என்றேன். நீங்களும், "யாரு அவன்? பத்துப் பேரோட வாரேன் மாப்ள" என்றீர்கள். அப்படி ஒருவன் கிடையாது. போனில் சொன்னால் என்னை முழுதாகப் பேசவிட மாட்டீர்கள் என்பதால், பேரையூர் பஸ் டிரைவர் விருமாண்டி கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

நடந்தது இதுதான். பத்தாவது படிக்கிற பிள்ளை ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல், செல்போனும் கையுமாக மொட்டை மாடிக்குப் போய்விடும். ரத்தக் குறைவு என்று பீட்ரூட் ஜூஸாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் போனில் ஒரு செய்தி வந்தது: "மாலை ஐந்தரைக்கு வழக்கம்போல் பேசுவோம். தனியாக இருக்கும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியபிரகாஷ்." போனைக் கொண்டுபோய் உங்கள் தங்கையிடம் நீட்டினேன். "வாங்க போங்கன்னு வேற பேசுறான், விஷயம் முத்திப்போச்சு" என்று ஸ்யாமளா உட்கார்ந்துவிட்டாள். ஐந்தேகாலுக்குத் தீப்தியை மல்லி, கறிவேப்பிலை வாங்க அனுப்பிவிட்டு, என் பழைய போன்தானே, பூட்டைத் திறந்து நானே உட்கார்ந்தேன். அவன் எழுதியதும் நான் அடித்த முதல் கேள்வி, "தம்பிக்குக் குலதெய்வம் எது?" ஒரே சாமி என்றால் பங்காளி முறை, அதைச் சொல்லியே அறுத்துவிடலாம் என்று கணக்கு. பிறகு, "இது தீப்தி இல்லைன்னு நினைக்கிறேன். யாருங்க?" என்று வந்தது. "அவ அப்பன்" என்று அடித்தேன். "நான் பள்ளிக்கூடத்து மனநல கவுன்சிலர் சார். ரொம்பப் பயந்துட்டீங்களா?"

மச்சான், எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆமாம் என்று அடித்துவிட்டு, என் பிரஷர் மாத்திரையிலிருந்து ஆபீஸ் சங்கடம் வரை முக்கால் மணி நேரம் கொட்டிவிட்டேன். பிள்ளைகள் மனம் விட்டுப் பேசப் பள்ளிக்கூடமே போனில் போட்டுக் கொடுத்த 'ஆப்'பாம் அது. ஜூன் மாதமே சம்மதப் படிவம் வந்திருக்கிறது. சுற்றுலா என்று நினைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான். பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டால் மட்டும் மனிதர் அசையவில்லை. "அதைத் தீப்திதான் சொல்லணும் சார்" என்று முடித்துவிட்டார்.

போனை எடுத்ததற்கு அவள் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று மன்னிப்புக் கேட்டேன், அப்புறம்தான் சொன்னாள். காலாண்டுப் பரீட்சையிலிருந்தே பரீட்சை என்றால் நெஞ்சு படபடத்து, கை சில்லிட்டு, வினாத்தாளில் எழுத்தே தெரிவதில்லையாம். பள்ளிக்கூட பாத்ரூமில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். இப்போது பேசப்பேசக் குறைந்து வருகிறதாம். "எங்ககிட்டச் சொன்னா என்ன பாப்பா?" என்றேன். "சொன்னா மாமாவக் கூப்பிடுவீங்க. அம்புட்டுப் பேரு முன்னாடியும் உக்கார வச்சுக் கேப்பீங்க" என்றாள். ராத்திரி மூன்று தோசை சாப்பிட்டாள். நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆகவே நீங்கள் யாரும் வர வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கத்தையும், வேனில் ஏறத் தயாராக இருந்த அத்தனை பேருக்கும் என் நன்றியையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை,
விஸ்வேஸ்வரன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் தீப்தி வாங்கிப் படித்துவிட்டாள். "வர வேணாம்னு எதுக்கு எழுதுனீங்க? மாமா வரட்டும், நானே சொல்றேன்" என்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் விட்டுத்தள்ளி, அக்காவோடு அவசியம் வந்துவிடுங்கள். ஒரே நிபந்தனை, அவள் பேசி முடிக்கும்வரை நாம் இரண்டு பேரும் குறுக்கே பேசக் கூடாதாம். உங்களால் முடியுமா என்று அவள் கேட்கவில்லை. என்னால் முடியுமா என்றுதான் கேட்டாள்.