ஜோசையா மெரில் விற்ற காணி

அமெரிக்காவில் தன் பரம்பரைக்குக் காணி இருந்தது என்று புவனேந்திரன் மெரில் சொல்லியிருக்கவே வேண்டாம். வாய் முந்திவிட்டது.

எதிரே இருந்தவர்கள் வெம்பிளி குலசேகரமும் மனைவி வசந்தமலரும். தங்கள் மகன் அர்ஜுனுக்குப் புவனேந்திரனின் மகள் ஜதுர்ஷிகாவைப் பேசி லண்டன் ரெய்னர்ஸ் லேனிலுள்ள அவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் முன்பே முடிவெடுத்துவிட்டதால் பேசுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் குலசேகரம் எதையும் துருவிக் கேட்கிற ஆள்.

"நீங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர் எண்டது ஒரு பிரச்சினையுமில்லை. உந்த மெரில் எண்ட பேர்தான் இடிக்குது. சொந்தக்காரர் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"அவர் எங்கட பூட்டனுக்குப் பூட்டன். ஜோசையா மெரில். அமெரிக்காவிலை காணி பூமியோடை இருந்தவர்!"

"அப்பிடியே? அப்ப காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டுங்கோவன்."

புவனேந்திரனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பது மட்டும்தான். காணிக் கதையை அவரே சேர்த்துச் சொன்னார். ஆனால் அதிர்ஷ்டம் அவர் பக்கம் இருந்தது. ஒரு கிழமை இணையத்தில் துழாவியதில், அமெரிக்காவின் வெர்மொன்ட் மலைக்கிராமம் ஒன்றின் பழைய காணிப் பதிவுகளில் ஜோசையா மெரில் அகப்பட்டார். பேச்சுக்குச் சொன்ன காணி உண்மையாகவே இருந்தது!

புவனேந்திரனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. யாழ்ப்பாணத்திலிருந்து பாய்க்கப்பலேறிப் போய், பனிக்குளிரில் காடு வெட்டிக் காணி திருத்திய மனிதர் என்று மனதுக்குள் படம் ஓடியது! ஹீற்றர் ஒரு நாள் நின்றால் கவுன்சிலுக்குப் போன் அடித்து அழுகிற தான் எங்கே, அவர் எங்கே?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்திமாரை மறுபடி அழைத்து, கணினித் திரையைப் பெருமையோடு திருப்பிக் காட்டினார். குலசேகரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"வாங்கின உறுதி ஒண்டுதான் கிடக்கு. மிச்சமெல்லாம் வித்த உறுதியெல்லோ? வருசம் ஒரு துண்டு. மனுசன் முழுக்க வித்துத் திண்டிருக்கு."

கொலை செய்தவர் என்றாலும் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஏன் என்று கேட்பார்கள். காணி விற்றவர் என்றால் அதைக்கூடக் கேட்க மாட்டார்கள். புவனேந்திரன் அவசரமாகச் சொன்னார்.

"சீதனத்துக்கு வித்தவர், அண்ணை! ஒவ்வொரு பொம்பிளைப் பிள்ளைக்கும் ஒவ்வொரு துண்டு."

வசந்தமலர் அதிகம் பேசாதவர். திரையில் விரல் வைத்து மெதுவாக எண்ணினார்.

"ஒன்பது துண்டு. ஒன்பதும் பொம்பிளைப் பிள்ளையளோ? உங்கட பரம்பரையிலை ஆம்பிளைப் பிள்ளையே பிறக்காதோ?"

"ஏன், நான் ஆம்பிளைதானே!"

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி யசோதினியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புத்தான் அவரை உசுப்பியது. மகள் ஜதுர்ஷிகாவிடம் திரும்பினார்.

"பிள்ளை, அந்த ஊர்க் காணிப் பதிவுக் கந்தோருக்கு எழுதிக் கேள். அவருக்கு எத்தினை பொடியள், எத்தினை பெட்டையள் எண்டு விபரமா எடு. வாறகிழமை எல்லாருக்கும் முன்னாலை வாசிக்கலாம்."

"முதல்லை நான் மட்டும் வாசிக்கிறனே, அப்பா?"

"எங்களிட்டை ஒளிக்க ஒண்டுமில்லை!"

மறுவாரம் எல்லோர் முன்னிலையிலும் ஜதுர்ஷிகா பதிலைத் திறந்தாள். வாசிக்கத் தொடங்கி நிறுத்தினாள்.

"வாசி பிள்ளை, சத்தமா."

"அவர் கலியாணமே கட்டேல்லையாம், அப்பா. தனி ஆள் எண்டு எல்லா உறுதியிலையும் போட்டிருக்காம். பிள்ளையளும் இல்லையாம்."

குலசேகரம் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார்.

"கலியாணம் கட்டாத, பிள்ளையில்லாத ஆளிலையிருந்து நீங்கள் என்னெண்டு வந்தனீங்கள்? குறை நினையாதேங்கோ. இது விளங்காமல் நான் கலியாணத்துக்கு நாள் வைக்க ஏலாது."

ஜதுர்ஷிகாவின் கண் கலங்கியது. புவனேந்திரன் அதைப் பார்த்துவிட்டார். தன் வாயால் மகளின் கலியாணம் கெடப்போகிறதே! இந்த முறை சொல்வதற்கு அவரிடம் பொய்யும் இருக்கவில்லை.

"பதில் எழுதின கந்தோர் அம்மா வீடியோவிலை கதைக்கலாமாம். அவவும் மெரில்தானாம்" என்றாள் ஜதுர்ஷிகா.

திரையில் வெள்ளைத் தலையோடு ஒரு அம்மா வந்தார். பெயர் நான்சி, ஜோசையாவின் தம்பி வழி வந்தவர். அவர் சொல்லச் சொல்ல ஜதுர்ஷிகா தமிழில் சொன்னாள்.

"ஜோசையா அந்த ஊரைவிட்டு ஒரு இடமும் போகேல்லையாம். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்திலை ஒரு ஏழைப் பொடியன் படிக்கிறதுக்காக, ஒவ்வொரு அறுவடை முடியவும் ஒரு துண்டுக் காணியை வித்துக் காசு அனுப்பினவராம். காசு குடுக்கிற ஆளின்ரை பேரைப் பொடியனுக்கு வைக்கிறதுதான் அப்ப வழக்கமாம். அந்தப் பொடியன்தான் உங்கட பூட்டனுக்குப் பூட்டன், அப்பா."

புவனேந்திரன் கட்டிய கதை குலைந்தது. கப்பலும் போனது, காணியும் போனது. ஆனால் கண்ணால் காணாத ஒரு பிள்ளைக்காகக் காலடி மண்ணை விற்ற அந்த மனிதரை நினைக்க, முன்பைவிட அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

நான்சி இன்னும் ஏதோ கேட்டார்.

"காணி முழுக்க அழிச்ச விசரன் எண்டுதான் இண்டைக்கும் அங்கை அவரைப் பற்றிக் கதையாம். அந்தக் காசாலை ஏதும் மிஞ்சினதோ எண்டு கேக்கிறா."

துருவிக் கேட்கிற குலசேகரம்கூட நிலத்தைப் பார்த்தார். வசந்தமலர்தான் எழுந்துவந்து, புவனேந்திரனைக் கதிரையோடு கமராப் பக்கம் திருப்பிவிட்டார்.

"ஒரு துண்டும் அழியேல்லை எண்டு சொல்லு, மருமேள். முழுக் காணியும் இஞ்சை எங்கட சம்பந்தியா இருந்து தேத்தண்ணி குடிக்குது."