அரைவாசி கேட்டு வந்தவர்களும் அரைவாசியாரும்

ஹட்டன், தலவாக்கலை, வட்டகொடைத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் இன்றைக்கும் ஒரே கூரையின் கீழ் முறைத்துக்கொண்டு வாழ்கிற தம்பதிகளில் பாதிப்பேருக்கு அன்பும் காரணமில்லை, ஆண்டவனும் காரணமில்லை. அரைவாசியார்தான் காரணம். விவாகரத்துக் கேட்டு அவர் மேசைக்கு வந்தவர்கள், அவர் கேட்ட கடதாசிகளைத் தேடி இரண்டு மாதம் சேர்ந்து அலைந்து, அலைந்த களைப்பில் சேர்ந்தே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்காக அவர் குடும்பங்களைச் சேர்த்துவைத்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்படிச் சொன்னால் அவருக்குக் கெட்ட கோபம் வரும்.

நான் நீதிமன்றத்துக்கு இறங்குகிற பாதையில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். என் கடைத் தாழ்வாரத்தில்தான் அவருடைய மேசை. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்தவர். சட்டத்தரணி காலமானதும் அவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் கடை வாசலில் போட்டு உட்கார்ந்தார். வெயிலோ மழையோ, ஒரே பழுப்புக் கோட்டு, ஒரே மப்ளர். மேசையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு மட்டை இருக்கும்: ‘அழ வேண்டாம். கடதாசி நனையும்.’

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதினால் எழுத்தில் அனுமதி வாங்கினாயா என்று கேட்பார், அதனால் விட்டுவிடுகிறேன். பட்டப்பெயர் வந்த கதை எளிது. வருகிற ஆணும் பெண்ணும் தொலைக்காட்சி நாடகம் பார்த்துவிட்டு வந்து முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“ஐயா, எனக்கு அரைவாசி வருமாங்க?”

“எதுல அரைவாசி?”

“எல்லாத்துலயும்தாங்க.”

“அரைவாசின்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? கொண்டாந்து காட்டுங்க, நானும் படிச்சுக்கிறேன். அவங்கவங்க பேருல உள்ளது அவங்கவங்களுக்கு. அவங்கவங்க கொண்டாந்தது அவங்கவங்களுக்கு. ரெண்டு பேருக்கும் பொதுவுல உள்ளத நீதிபதி பார்த்துச் சொல்வாரு. நாடகத்துல சொன்னது நாடகத்துல வர்றவங்களுக்கு.”

வலப்பனையிலிருந்து சிங்களக் கனவான் ஒருவர் வந்து கேட்டாலும் இதே பாட்டுத்தான். “பாகயக் நே, மாத்தயா” என்று அரைவாசி இல்லை என்பதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, பிளேன்டீயை ஒரு மிடறு குடிப்பார்.

லயத்து ஆட்கள், தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில் ஓர் அறையில் இருப்பவர்கள், கேட்கிற கேள்வி வேறு. “காம்பரா யாருக்குங்க ஐயா, எனக்கா அவளுக்கா?” என்பார்கள். அவர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். “தோட்டத்துக்கு” என்பார். நூற்றைம்பது வருஷமாக ஒரே அறையில் பிறந்து செத்த குடும்பத்துக்கு அந்த அறை சொந்தமில்லை என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வந்தவன், “அப்ப எதுக்குங்க நாங்க சண்ட போடுறோம்?” என்பான். அவர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அதற்குப் பதில் சொல்வது அவர் வேலை இல்லை.

றொசல்லப் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. இரண்டு பேரும் படித்தவர்கள், தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். ஒரே குடையில் வந்தார்கள்.

“எங்க ரெண்டு பேருக்கும் முழுச் சம்மதங்க. சண்ட சச்சரவு ஒன்னுமில்ல. சீக்கிரம் முடிச்சிடலாமா?” என்றார் கணவர்.

“சம்மதம்னா முடியாதே” என்றார் அரைவாசியார்.

“ஏங்க?”

“சம்மதத்துக்குச் சட்டத்துல எடமில்ல. யாராவது ஒருத்தர் தப்பு செஞ்சிருக்கணும். ஒன்னு, வேற தொடர்பு. ரெண்டு, கெட்ட எண்ணத்தோட விட்டுட்டுப் போறது. மூணாவது ஒன்னு இருக்கு, அத சார்கிட்டத் தனியா சொல்றேன். வீட்டுக்குப் போய், யாரு தப்பு செஞ்சதுன்னு பேசி முடிவெடுத்துட்டு வாங்க.”

அடுத்த வாரம் இருவரும் தனித்தனிக் குடையில் வந்தார்கள். கணவர் தவறு செய்ததாக இருக்கட்டும் என்றார் மனைவி. ஊரில் தலைகாட்ட முடியாது, நீயே செய்ததாக இருக்கட்டும் என்றார் கணவர். பதினைந்து வருஷத்தில் அவர்கள் போட்ட முதல் சண்டை என் கடை வாசலில்தான் நடந்தது. அரைவாசியார் அதையும் குறித்துக்கொண்டார். அதன் பிறகு அவர்கள் வரவில்லை. போன வருஷம் டவுனில் பார்த்தேன், ஒரே குடைதான்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு கல்யாண வீடியோ. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர் கொடுப்பவர் மேடைக்கு ஏறினால், ஸ்பீக்கர்காரர் மைக்கில் சொல்வார்: இன்னார், இன்ன உறவு, இன்ன பொருள், பொண்ணுக்கா மாப்பிள்ளைக்கா. கொடுத்தவரின் பெருமை அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக வந்த பழக்கம். அரைவாசியாருக்கு அது சத்தியக்கூற்று. “இருநூறு பேருக்கு முன்னால சொன்னது. இதவிட என்னா சாட்சி வேணும்?” என்று, அலுமாரி யாருடையது, கிரைண்டர் யாருடையது என்று வீடியோவைப் போட்டுத் தீர்த்துவைப்பார். பிரிய வந்தவர்கள் தங்கள் கல்யாணத்தை மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். சிலர் இரண்டாவது மணி நேரத்தில் கேஸை மறந்துவிட்டு யார் யார் செத்துப்போனார்கள் என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

இதையெல்லாம் உள்ளேயிருந்து கொப்பி எடுத்துக்கொண்டே கேட்டுச் சிரித்தவள் நான். பிறகு என் முறை வந்தது.

என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு வேலைக்குப் போனவர், தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு தீபாவளி போனது. எட்டாவது தீபாவளிக்கு முன் சட்டத்தரணி கடிதம் வந்தது. அங்கே வேறு குடும்பமாம். விவாகரத்து வேண்டுமாம். கூடவே கடையிலும் மெஷின்களிலும் அரைவாசி வேண்டுமாம். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் படிப்பு, எங்கள் சோறு, என் மானம் எல்லாம் அந்த இரண்டு மெஷினில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றைப் பிடுங்கினால் மற்றது வாடகைக்கே காணாது. அடுத்த வாரம் கடையை மூடிவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

கடிதத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவர் வரிசையைக் காட்டினார். ஒன்பது வருஷம் என்னோடு ஒரே சுடுதண்ணிப் போத்தலில் தேநீர் குடித்த மனுஷன்! என் கடை வாசலில், மூன்று பேருக்குப் பின்னால் நான் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பேனாவைத் திறந்தார்.

“பேரு?”

“என்னாங்க ஐயா, என் பேரு தெரியாதா உங்களுக்கு?”

“தெரிஞ்சவங்களுக்கு நான் யோசனை சொல்றதில்ல. பேரு?”

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

“மொத மெஷின் எதுல வாங்குனது?”

“என் கல்யாணச் சங்கிலிய வித்து. ரெண்டாவது அந்த மெஷின் உழைச்சதுல.”

“சங்கிலி யாரு போட்டது?”

“எங்கம்மா. கொழுந்து எடுத்து எடுத்துச் சேர்த்துச் செஞ்சு போட்டாங்க. அவரு என்னான்னா அவுங்க அம்மா போட்டதுன்னு எழுதியிருக்காரு.”

“உங்கம்மா வந்து சொல்வாங்களா?”

“அம்மா செத்து ஆறு வருஷமாச்சுங்க. உங்களுக்குத் தெரியாதா? வந்தீங்கதானே சாவுக்கு?”

‘சாட்சி உயிரோடு இல்லை’ என்று எழுதினார்.

“உங்களுக்கு மனசுன்னு ஒன்னு இல்லையாங்க?”

“இருக்கு. ஆனா அத கோர்ட்டுல ஏத்துக்க மாட்டாங்க” என்றார். “கல்யாண வீடியோ எங்க?”

கேசட் வட்டகொடையில் மாமியார் வீட்டில் இருந்தது. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, பூசணம் பிடித்து வீசியாயிற்று என்று பதில் வந்தது. வீடியோ எடுத்தவர் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் நினைத்தேன். மறுநாள் மேசை காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும் காலி. அரைவாசியார் ரயிலேறி வட்டகொடைக்குப் போயிருந்தார். மூட்டு வலிக்காரர், அடைமழை, இரண்டு தோட்டம் ஏறி இறங்கி ஸ்பீக்கர்காரரைத் தேடிப் பிடித்திருக்கிறார். அந்த மனுஷனுக்கு ஒரு பைத்தியம்: தன் குரலைத் தானே கேட்பதற்காக, மைக் பிடித்த அத்தனை கல்யாணத்துக்கும் ஒரு கேசட் கொப்பி வாங்கி வைத்திருந்தார். என் கல்யாணம் ஒரு தகர டிரங்குப் பெட்டிக்குள், நாற்பது கல்யாணத்துக்கு அடியில் கிடந்ததாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல ரிப்பேர் கடையில் இரவல் வாங்கிய வீடியோ டெக்கில் கேசட்டைப் போட்டோம். கடையைப் பாதி சாத்திவிட்டு அவரும் நானும் மகளும் உட்கார்ந்தோம். அவர் மடியில் எழுதுகிற கொப்பியும் பேனாவும் கைக்கடிகாரமும்.

“தாலி கட்டுறப்ப மாப்பிள்ள வேற எங்கயோ பாக்குறாரு” என்றார்.

“அது ஆதாரமாங்க?”

“இல்ல. சும்மா சொன்னேன்.”

ஒரு மணி நேரம் கழித்து ஸ்பீக்கர்காரரின் குரல் கணீரென்று வந்தது: “மணமகளின் தாயார், மகளுக்கு, ஒன்றரைப் பவுண் சங்கிலி!” படத்தில் அம்மா மேடை ஏறினாள். இரவல் சேலை. கொழுந்துக் கறை போகாத விரல்கள். கொக்கி மாட்டத் தெரியாமல் என் கழுத்துக்குப் பின்னால் தடவிக்கொண்டே நிற்கிறாள். கடைசியில் சிரித்துவிடுகிறாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வாய்விட்டு அழுதேன்.

அரைவாசியார் டெக்கை நிறுத்தினார். “நேரம் குறிக்கல. திரும்பப் போடுறேன்” என்றார். அம்மா மறுபடி மேடை ஏறினாள். “கொஞ்சம் முந்திப்போச்சு. இன்னொரு தடவ.” மறுபடி ஏறினாள். இப்படி ஐந்து தடவை. ஐந்தாவது தடவை என் மகள், “ஆச்சி சிரிக்கிறாங்கம்மா” என்றாள். பிறகு அவர் கொப்பியை மூடி மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். நான் திறந்து பார்த்தேன். நேரம் முதல் தடவையே குறிக்கப்பட்டிருந்தது, நிமிஷமும் செக்கனும் போட்டு.

நல்ல சட்டத்தரணி ஒருவரிடம் கேசட்டையும் கொப்பியையும் ஒப்படைத்தார். அந்தப் பக்கத்துச் சட்டத்தரணி கேசட்டை ஒரு தடவை பார்த்தார், என் பெயரிலிருந்த வியாபாரப் பதிவையும் பார்த்தார், கடை மீதான கோரிக்கையை வாபஸ் வாங்கிக்கொண்டார். விட்டுப்போன குற்றம் என் வீட்டுக்காரர் பக்கம் என்று தீர்ப்பாகி, சட்டப்படி மூன்று மாதம் கழித்து அது முடிந்த முடிவானது. கடை எனக்கே.

அன்றைக்கும் நல்ல மழை. தாழ்வாரத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. “மேசைய உள்ள போட்டுக்குங்கய்யா. இனிமே வெளிய நீங்க நனையக் கூடாது” என்றேன். அவர் அசையவில்லை.

“கட உங்க பேருல. நான் உள்ள ஒக்காந்தா, நாளைக்கு என் மகன் வந்து எங்கப்பா பத்து வருஷம் இருந்த எடம்னு உரிமை கேப்பான்.”

“கேட்டாக் குடுத்திடுறேன்.”

“இப்படிப் பேசித்தான் ஜனங்க கெட்டுப்போறாங்க” என்றார். ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். இக்கடையிலோ, இதன் எந்த மூலையிலோ, தனக்கோ தன் வாரிசுகளுக்கோ யாதொரு உரித்தும் பாத்தியதையும் இல்லை என்று. கையெழுத்துப் போட்டு, பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, என்னிடம் தந்தார். அதற்குப் பிறகுதான் மேசையை உள்ளே ஒரு மூலைக்குத் தூக்கவிட்டார்.

அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அந்த மூலையில் இன்னொரு மெஷின் போடலாமே என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் போடவில்லை, அவருடைய மேசை அங்கேயே இருக்கிறது. அந்த மனுஷன் வாழ்நாளில் எழுதிய பத்திரங்களில், செல்லாத பத்திரம் எனக்கு எழுதித் தந்த அது ஒன்றுதான்.