கேட்டை நட்சத்திரக்காரரின் நுரையீரல்

ஒஸ்லோவில் சிகரெட்டை விடுவதற்கு வைத்தியரும் வேண்டாம், மன உறுதியும் வேண்டாம், ஒரு சேட் போதும் என்ற நற்செய்தி முதலில் வாட்ஸப்பில்தான் வந்தது. போட்டுக் கழற்றிய சேட், அதாவது சட்டை. தோய்க்கக் கூடாது. அதை மூச்சுச்சாமி என்பவரிடம் கொடுத்தால் அவர் மோந்து பார்த்து, அதற்குரியவரின் நுரையீரலைக் கண்ணை மூடிக்கொண்டு படித்துச் சொல்வார். பிறகு நட்சத்திரத்தைக் கேட்பார். பிறகு அந்த நட்சத்திரத்துக்கென்றே பிறந்த மின்சிகரெட் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அதைக் கையில் வாங்கியவர் சிகரெட்டை மறந்துவிடுவார். காசையும் மறந்துவிட வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் சாமிக்குக் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டோவ்னர் மண்டபத்துக்கு வெளியே, கையில் பொலித்தீன் பையோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பைக்குள் கணவர்மாரின் சேட்டுகள். பனி கொட்டியது. வியர்வை மணம் போய்விடும் என்று பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள்.

சாமியின் பிறந்த பெயர் பிலேந்திரன். சில மாதங்களுக்கு முன்புவரை கைத்தொலைபேசிக்கு உறை விற்றார். அப்போது யாரும் அவர் காலில் விழவில்லை.

சாமி ஒருநாளும் பிழை விட்டதில்லை என்பதுதான் ஊர்ப் பேச்சு. "உங்கடை மனுசன் சிகரெட் பத்துறவர்" என்று சொல்வார். பெண்கள் வாயைப் பொத்துவார்கள். எப்படி விடுவார் பிழை? சிகரெட் பத்துகிறவரின் மனைவி அல்லாமல் வேறு யார் அழுக்குச் சேட்டோடு அங்கே போய் நிற்பார்? குடைக் கடைக்குள் நனைந்துபோய் ஓடி வருகிறவர்களைப் பார்த்து, வெளியே மழை என்று சொல்வதற்கு ஞானதிருஷ்டி தேவையில்லை. ஆனால் ஞானதிருஷ்டி என்று சொன்னால்தான் கூலி கூடும்.

இந்தக் கூட்டத்தில் ஒருத்தி சிவகாமி. ஹவுகன்ஸ்டுவாவில் ஐந்தாம் மாடியில் குடியிருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. அவளுடைய கணவர் இந்திரகுமார் பஸ் ஓட்டுநர், தமிழ்ச் சங்கத்தின் செயலாளர், சாமியை ஸ்டோவ்னருக்கு அழைத்து வந்தவரும் அவரே. பல்லி விழுந்தாலும் பலன் பார்ப்பவர். பஸ் அட்டவணை இராகுகாலத்தைக் கவனிப்பதில்லை என்பதுதான் அவர் வாழ்க்கையின் ஒரே துக்கம்.

இந்திரகுமார் சிகரெட்டைக் கையாலும் தொட்டதில்லை. பத்துகிறவள் சிவகாமி.

முதியோர் இல்லத்தின் பின்கதவில், கூட வேலைசெய்யும் அனஸ்ரேசியா ஒருநாள் நீட்டிய ஒன்றில் தொடங்கியது. வருடக் கணக்கில் ஓடிவிட்டது. வேலைமுடிந்து வரும்போது ஏலக்காய் மெல்லுவாள், கை கழுவுவாள், வேலையிடத்துக் குளிர் ஜக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு வருவாள். இப்போது மின்தூக்கி பழுதாகும் நாட்களில் மூன்றாம் மாடியில் நின்று சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மூச்சுப் பரிசோதனைக் குழாயில் ஊதவைத்த வைத்தியர், இப்படியே போனால் படியைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, கட்டிலைப் பற்றி யோசியுங்கள் என்றார். நிக்கொட்டின் ஒட்டுப்பட்டி போட்டாள், பலிக்கவில்லை. கடைசியாக, மின்சிகரெட்டுக்கு மாறி, பிறகு அதையும் விடலாம் என்று தீர்மானித்தாள். எதை வாங்குவது? இணையத்தில் நூறு விதம். முதன்முதலாக வாங்குகிற ஒருத்திக்கு எது மலிவு, எது உழைக்கும்? கேட்பதற்கு ஆள் இல்லை. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி அதை யாரிடம் கேட்பாள்?

அப்போதுதான் சாமி நினைவுக்கு வந்தார். கூடவே ஒரு பயமும் வந்தது. உண்மையிலேயே அவருக்கு நுரையீரல் தெரிந்தால்? தன் முகத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டால்? இரண்டு நாள் அந்தப் பயத்தோடு சோறு ஆக்கினாள். மூன்றாம் நாள் பயம் கேள்வியாக மாறியது. உண்மையாகத் தெரிந்தால், இந்திரகுமாரின் சேட்டை மோந்துவிட்டு என்ன சொல்வார்? "இந்த மனுசனுக்கு இது தேவையில்லை, பிள்ளை" என்றுதானே சொல்ல வேண்டும்? சொல்லட்டும். சொன்னால் அவள் காலில் விழத் தயார்.

அழுக்குக் கூடையிலிருந்து நீலக் கோடு போட்ட சேட் ஒன்றை எடுத்தாள்.

இந்திரகுமாருக்கு அன்று மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தில்தான் வேலை என்று அவள் நம்பியிருந்தாள். அவளுடைய முறை வந்து மேடைக்கு ஏறினால், அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டியதால், ஒலிவாங்கியோடு சாமிக்குப் பக்கத்தில் நிற்கிறார் இந்திரகுமார்! மனைவியைக் கண்டதும் அவர் வாய் திறந்தார். அதற்குள் சாமி சேட்டை வாங்கிவிட்டார்.

மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் மலிவான கருவிகள், மற்றதில் விலை கூடியவை. கருவியின் பொத்தானை அமத்தினால் விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் உங்கள் நட்சத்திரத்துக்குப் பகை, பச்சை எரிந்தால் பொருத்தம். மலிவுத் தட்டு இதுவரை எந்த நட்சத்திரத்துக்கும் பொருந்தவில்லை. இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் விலை கூடியதில்தான் ஆசை.

சாமி சேட்டை மூக்கில் வைத்து நீண்ட மூச்செடுத்தார். கண்ணை மூடினார்.

"ஆருடைய சேட் அம்மா?"

"என்ரை மனுசன்ரை."

"கடும் புகை. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. உங்களுக்குத் தெரியாமல் பத்துறார். இடது நுரையீரல் கரிச்சட்டி மாதிரிக் கிடக்கு. நட்சத்திரம்?"

"கேட்டை."

"அப்பிடிச் சொல்லுங்கோ! கேட்டைக்காரர் கெட்டிக்காரக் கள்ளர்."

ஒலிவாங்கி கீழே விழுந்தது. இந்திரகுமார் வெளிறிப்போய், "சாமி... அது நான்" என்றார்.

மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பியது. முன்வரிசையில் ஒருத்தி, "ஐயோ, செயலாளரும் பத்துறவரோ!" என்றாள். சாமியின் கண் ஒரு கணம் திறந்தது, மூடியது. பின்வாங்க இடமில்லை. "பக்கத்தில நிண்டும் நான் முகம் பாத்துச் சொல்லேல்லை. மூச்சு என்ன சொல்லுதோ அதைத்தான் சொன்னன்" என்றார். கூட்டம் கைதட்டியது!

இந்திரகுமார் சட்டைப் பையைத் தடவினார். உள்ளங்கையை மோந்து பார்த்தார். மனைவியிடம் மெல்ல, "சிவகாமி, நான் நித்திரையில எழும்பிப் பத்துறனானோ?" என்று கேட்டார்.

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. முப்பது வருடமாகத் தன்னோடு இருந்த மனிதன், தன் சொந்த வாயைவிட ஒரு கைத்தொலைபேசி உறைக்காரனின் மூக்கை நம்புவதை சிவகாமி கண்டாள். இப்போது வாயை மூடிக்கொண்டு இறங்கலாம். இரகசியம் காப்பாற்றப்படும், மனுசன் கள்ளனாவார். குனிந்து ஒலிவாங்கியை எடுத்தாள்.

"இவர் சிகரெட் பத்துறேல்லை. ஒருநாளும் பத்தினதில்லை. பத்துறது நான்."

அப்படி ஒரு அமைதி அந்த மண்டபத்தில் இறந்தவருக்குச் செய்யும் அஞ்சலியின்போதும் இருந்ததில்லை.

"வேலையிடத்தில நிண்டு பத்துறனான். நெஞ்சு பழுதாகிப்போச்சு, வைத்தியர் சொல்லிப்போட்டார். எனக்குத்தான் அந்தச் சாமான் வேணும். என்ரை பழுதான நெஞ்சு உங்களுக்கு முன்னால ரெண்டு முழத்தில நிக்குது, சாமி. அதைத் தெரியேல்லை. பழுதில்லாத சேட்டுக்குள்ள கரிச்சட்டி தெரிஞ்சுதோ?"

சாமி சிரித்தார். தொழில் தெரிந்தவர். "ஒரே வீடு, ஒரே மூச்சு. மனைவியின்ரை புகை கணவன்ரை சேட்டில ஏறும். நம்பாட்டி விளக்கைக் கேளுங்கோ. விளக்குப் பொய் சொல்லாது."

"ஓம், அதையே கேப்பம்" என்று சிவகாமி மலிவுத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அமத்தினாள். சிவப்பு. இந்திரகுமாரிடம் கொடுத்தாள். சிவப்பு. சாமியின் கையில் திணித்தாள். "நீங்கள் அமத்துங்கோ." சாமிக்கும் சிவப்பு.

முன்வரிசையில் தாய்க்குத் துணையாக வந்திருந்த துஷாரா என்ற மாணவி வாய்விட்டுச் சிரித்தாள். "அன்ரி, அதில பற்றரி இல்லை. ஒருத்தரும் லாடெ, அதுதான் சார்ஜ், பண்ணேல்லை. சார்ஜ் இறங்கினால் சிவப்புத்தான் எரியும்!" என்று தன் தொலைபேசியின் வயரைக் கழற்றி அந்தக் கருவியில் செருகினாள்.

"தேத்தண்ணி குடிப்பம்" என்றாள் சிவகாமி.

வடையும் தேத்தண்ணியும் முடிந்து வந்து அமத்தினார்கள். பச்சை. அசுவினிக்குப் பச்சை, பரணிக்குப் பச்சை, பகை என்று துரத்தப்பட்ட மூலத்துக்கும் பச்சை. இதற்குள், மண்டபத்துக்குள் இதையெல்லாம் பாவிக்கக் கூடாது என்று சொல்ல வந்தார் நோர்வேஜியக் காவலாளி ஆன்ட்ரியாஸ். யாரோ அவர் கையிலும் கொடுத்தார்கள். நட்சத்திரம் என்ற ஒன்றே இல்லாத ஆன்ட்ரியாஸ் அமத்தினார். பளிச்சென்று பச்சை. விலை கூடிய தட்டில் ஒன்றைத் தூக்கிய துஷாரா, அதே சாமான் கடையில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குப் போவதைத் தொலைபேசியில் எல்லோருக்கும் காட்டினாள்.

சாமிக்கு அவசரமாக ஒரு தியானம் வந்தது. அதைப் பின்கதவால் வெளியே போய்ச் செய்தார். வாங்கினவர்கள் காசு கேட்டு அவருடைய காருக்குப் பின்னால் ஓடினார்கள். இருவர் மட்டும் மேசையருகே தயங்கி நின்றார்கள். எதற்கும் ஒன்று இருக்கட்டும் என்று பச்சைக் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். பற்றரியைப் பற்றி அவர்களுக்கும் விளங்கியிருந்தது. விளங்கினால் மட்டும் விட்டுவிடுவார்களா?

வீட்டுக்கு நடக்கும்போது இந்திரகுமார், "எவ்வளவு காலமாய்?" என்றார்.

"கன காலம். உங்களுக்கு மணக்கேல்லையோ?"

"மணந்தது. பத்துற ஆக்களுக்குப் பக்கத்தில நிண்டனீர் எண்டு நினைச்சன்."

"நீங்கள் யோசிச்ச அளவு கூட அந்தச் சாமி யோசிக்கேல்லை" என்று அவள் அழுதாள். அவர் அவளுடைய பையை வாங்கிச் சுமந்தார்.

அடுத்த சனிக்கிழமை ஸ்ட்ரோம்மனில் ஒரு கடைக்கு இருவரும் போனார்கள். விற்பனையாளர் மார்க்கஸ், எந்த ஊர், எந்த நட்சத்திரம் என்று கேட்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இத்தனை காலத்தில் சாமியாரும் கேட்கவில்லை, புருசனும் கேட்கவில்லை. "பத்து" என்றாள் சிவகாமி. அப்படியானால் பெரிய பகட்டுக் கருவி வேண்டாம் என்றார் மார்க்கஸ். மின்னேற்றிப் பாவிக்கக்கூடிய, திரவத்தை நீங்களே நிரப்பக்கூடிய சின்னது ஒன்று போதும். கருவி மலிவா என்று மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே திரவத்தைச் சூடாக்கித் தேய்கிற சுருள் தனியாகக் கிடைக்குமா, அது என்ன விலை என்று பாருங்கள், செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். விற்கிறவர் சொல்கிற பேச்சா அது! தன் வியாபாரத்துக்கே நட்டம் வருகிற புத்தி சொல்ல சாமியாருக்குத் தெரியாது.

காசு கட்டும் இடத்தில் இந்திரகுமார் மனைவியின் காதில், "இண்டைக்கு அட்டமி. நாளைக்கு வாங்குவமோ?" என்றார்.

சிவகாமி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வங்கி அட்டையை எடுத்து நீட்டினார். அட்டமியிலும் அட்டை வேலைசெய்தது.

மூக்கு எல்லோருக்கும் முகத்திலேயே இருக்கிறது. மூளையும் அதற்குக் கொஞ்சம் பின்னால்தான் இருக்கிறது. இரண்டையும் அடுத்தவனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, சேட்டைப் பொத்திக்கொண்டு பனியில் நிற்கிறீர்களே, ஐயாமாரே, அம்மாமாரே, குளிரவில்லையா?