நாற்காலி மட்டும் போய்ச் சேர்ந்தது

வெண்ணந்தூர்,
ஆவணி கடைசி வெள்ளி.

பாசமுள்ள தங்கை சித்ராவுக்கு உன் அண்ணன் சென்னிமலை எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி பாவாயியும் மாரியம்மன் தயவில் உயிரோடு இருக்கிறோம். அதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். புனேயில் நீயும் உன் வீட்டுக்காரர் காளியண்ண மாப்பிள்ளையும் உன் மகள், கல்யாணப்பெண் கனிஷ்காவும் சுகமா என்று கேட்பது மரியாதை. கேட்டுவிட்டேன். போனில் கேட்டிருப்பேன், ஆனால் முகூர்த்தத்துக்கு முதல் நாளிலிருந்து என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். பாவாயியின் நம்பரையும் தடுத்துவிட்டாய். தபால்காரரை உன்னால் தடுக்க முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

"பத்திரிகைல பேரு சின்னதாப் போட்டதுக்கு ரோசப்பட்டுக்கிட்டு, எங்கண்ணன் பாதி வழில திரும்பிப் போயிட்டான்" என்று நீ மண்டபத்தில் எல்லாரிடமும் சொன்னாயாம். மயிலம்மாள் அத்தை புனேயிலிருந்து வந்த கையோடு இங்கே வந்து, இதைச் சொல்லி, காபியும் குடித்துவிட்டுப் போனார். பேர் சின்னதாக இருந்தது உண்மைதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடித்தான் நான் என்னைக் கண்டுபிடித்தேன். ஆனால் அதற்காகக் கனிஷ்காவின் நெற்றியில் தாய்மாமன் கட்ட வேண்டிய பட்டத்தைக் கட்டாமல் இருந்துவிடுவேனா? போர்வெல் வண்டியில் குழாய் சரிந்து என் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியெல்லாம் போனபோது, ஆஸ்பத்திரியில் நான் சொன்ன முதல் பேச்சு, "கனிஷ்கா கல்யாணத்துல பட்டம் கட்டறதுக்குக் கை இருக்குதில்ல, போதும்" என்பதுதான். நீதான் பக்கத்தில் நின்று அழுதாய். என் இடத்தில் நின்று பட்டம் யார் கட்டினார்கள் என்று அத்தையிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

ரயிலில் வருகிறேன் என்றுதான் நான் சொன்னேன். "ரயிலு எதுக்குண்ணா, பிளைட்ல வா. ஏர்போர்ட்ல உன்னைய ராசாவாட்டம் தள்ளிக்கிட்டுப் போவாங்க" என்று சொன்னது நீ. தள்ளினார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். எந்த ஊர் விமான நிலையம் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கேஸ் போடுவார்கள், கோர்ட்டுக்கும் படிக்கட்டுதான் இருக்கும்.

என் நாற்காலியை நீ பார்த்ததில்லை. அதாவது, இப்போது பார்த்திருப்பாய். கடையில் விற்கும் நாற்காலியெல்லாம் நம் காட்டுத் தடத்தில் ஒரு மழைக்குத் தாங்காது என்று, திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சொல்லிச் செய்தது. அவர்களுக்கு லாரி தவிர வேறொன்றும் செய்யத் தெரியாது. ஆகவே பின்னால் மட்கார்டு, சிவப்பு ரிப்ளெக்டர், கைப்பிடியில் ரப்பர் ஹாரன், சீட்டுக்கு அடியில் பூட்டு வைத்த டூல்ஸ் பெட்டி எல்லாம் வைத்து, முதுகில் 'அர்த்தநாரீஸ்வரர் துணை' என்று பூப்போட்டு எழுதியும் கொடுத்தார்கள். பத்திரமான இடம் என்று பட்டத்தை அந்தப் பெட்டிக்குள்தான் வைத்தேன். லாரிக்காரன் சாமான் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். இதுதான் நான் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு பாவாயி செய்தது. வண்டி முதல் முறையாக வெளிமாநிலம் போகிறதென்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நம் பக்கத்தில் யாராவது கிளப்புவார்களா? புறப்படும் அவசரத்தில் வீட்டில் மறந்துவிட்டாள். விமான நிலைய வாசலில் ஞாபகம் வந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, "ஏத்துங்க" என்றாள். ஏற்றினேன். ஒரு பழம் நசுங்காமல் தெறித்து உருண்டு, துப்பாக்கி வைத்திருந்த காவலரின் பூட்ஸ்மேல் போய் நின்றது. அவர் அந்தப் பழத்தைப் பார்த்த பார்வையை, சித்ரா, நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மோப்ப நாய் வந்தது. முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போனது. அன்றைக்கு அங்கே என்னை மனிதனாக மதித்து நேராக என் முகத்துக்கு வந்தது அந்த நாய் ஒன்றுதான்.

உள்ளே டிக்கெட் பார்க்கிற கவுன்டரில் யாரும் என்னிடம் பேசவே இல்லை. பேசியதெல்லாம் என் தலைக்கு மேலே பாவாயியிடம். "இவருக்கு என்ன பிரச்சினை? இவர் பேசுவாரா? இவருக்கு ஜன்னல் சீட் வேணுமா?" எத்தனை போர் போட்டிருக்கிறேன், எத்தனை ஊருக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறேன், கால் போனால் வாயும் போய்விடுமா? பாவாயி கடைசியில் எரிச்சல்பட்டு, "ஏனுங்க, அவருகிட்டயே கேளுங்க. ஊட்டுல அவரு வாய மூட முடியாமத்தான் நான் கஷ்டப்படறேன்" என்றாள். அதற்குக் கவுன்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டு, மறுபடியும் அவளிடமே, "இவர் சைன் பண்ணுவாரா மேடம்?" என்று கேட்டது. பண்ணினேன். பண்ணியதும் என் நாற்காலிக்கு ஒரு சீட்டு ஒட்டி, பெட்டியோடு பெட்டியாக உள்ளே அனுப்பிவிட்டு, என்னைத் தூக்கி அவர்களுடைய நாற்காலியில் வைத்தார்கள். அதில் ஒரு பக்கம் கால்மிதி இல்லை. என் இடது கால் வழியெல்லாம் தரையைப் பெருக்கிக்கொண்டே வந்தது. கேட்டால், "உங்களுக்கு உணர்ச்சி இல்லைதானே சார்?" என்றார்கள். காலுக்கு இல்லை.

அடுத்தது சோதனை. "எந்திரிங்க சார்" என்றார் ஒருவர்.

"எந்திரிக்க முடிஞ்சா நான் ஏனுங்க இதுல உக்காந்துக்கிட்டு வாரேன்?"

"கொஞ்ச நேரம் மட்டும் நில்லுங்க சார், போதும்."

கொஞ்ச நேரம் நிற்க முடிகிறவனுக்கு நாற்காலி எதற்கு என்று அவருக்கும் விளங்கவில்லை, அவருக்கு மேலே இருந்தவருக்கும் விளங்கவில்லை. ஒரு திரைக்குப் பின்னால் கொண்டுபோய், குழந்தைக்குத் துணி மாற்றுவதுபோல் புரட்டிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் கக்கூஸ் போக வேண்டும் என்றேன். சக்கர நாற்காலி படம் போட்ட அருமையான கதவு ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே துடைப்பம், வாளி, பினாயில் கேன், போன பொங்கலுக்குக் கட்டிய காகிதத் தோரணம். அவற்றை எடுத்து வைக்க அன்றைக்கு ஆள் இல்லையாம். கதவுக்கு எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். சக்கர நாற்காலியில் ஒரு வாலிபன் பல் தெரியச் சிரிக்கிறான். கீழே 'அனைவரையும் அன்புடன் வரவேற்கிறோம்' என்று எழுதியிருக்கிறது. அவன் கக்கூஸ் போய்விட்டு வந்திருப்பான்.

கடைசியில் விமானத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். ஏறுவதற்குப் படிக்கட்டு. என் மாதிரி ஆட்களைத் தூக்கி வைப்பதற்கென்றே லிப்ட் வைத்த லாரி ஒன்று பளபளவென்று பக்கத்தில் நின்றது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, லாரி என்றால் நம் ஆள் அல்லவா? "டிரைவர் சாப்பிடப் போயிருக்கார், சாவி அவர் பாக்கெட்ல" என்றார்கள். சரி, கிளீனர் எங்கே என்று கேட்டேன். அப்படி ஒருவர் கிடையாதாம். சித்ரா, நம் ஊரில் கோழித் தீவனம் ஏற்றுகிற ஓட்டை லாரிக்குக்கூட ஒரு கிளீனர் உண்டு, டிரைவர் இறங்கினால் சாவி அவன் கையில் இருக்கும். அத்தனை கோடி போட்டு ஆகாயத்தில் ஓட்டுகிறவர்கள், ஒரு கிளீனர் வைக்காமல் என் மருமகள் கல்யாணத்தைக் கெடுத்தார்கள்.

மூட்டை தூக்குகிற இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. பட்டத்தை நினைத்துக்கொண்டு, தூக்குங்கள் என்றேன். ஒருவர் கக்கத்தில், ஒருவர் முழங்காலில். என் வேட்டி நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் முகம். ஒருவர் போனில் படமே எடுத்தார். அதையெல்லாம் நான் விழுங்கிக்கொண்டேன், ஏனென்றால் மேல்படி வந்துவிட்டது, கதவுக்குள் குளிர்காற்று முகத்தில் அடித்தது. அப்போது டை கட்டிய அதிகாரி ஒருவர் வந்து, வழக்கம்போல் பாவாயியிடம், "ஆபத்துன்னா இவர் தானா எழுந்து வெளிய போவாரா?" என்றார். "நான் இழுத்துக்கிட்டுப் போயிருவனுங்க" என்றாள் அவள். கல்யாணமானதிலிருந்து அதைத்தான் செய்கிறாள். அது போதாதாம். பறக்கத் தகுதி என்று டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டுமாம். டிக்கெட் போடும்போதே நாற்காலிக்காரன் என்று சொல்லித்தான் போட்டோம், அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு அவர் வருத்தம் தெரிவித்தார். தெரிவித்துவிட்டு, ஏற்றிய இரண்டு பேரையே இறக்கச் சொன்னார்.

"என்ற நாற்காலி உள்ள இருக்குதுங்க, அதையாவது எறக்கிக் குடுங்க" என்று கெஞ்சினேன். இறக்கினால் விமானம் தாமதமாகுமாம். "கவலைப்படாதீங்க சார், உங்க சேர் பத்திரமாப் போய்ச் சேர்ந்துடும்" என்று என் தோளைத் தட்டினார். அவர் என்னிடம் நேராகப் பேசியது அது ஒன்றுதான். என் நாற்காலிக்குப் பறக்கத் தகுதி இருந்தது.

அடுத்த விமானம் மறுநாள் மத்தியானம். முகூர்த்தம் விடியற்காலை. வாசலுக்கு வந்ததும் தள்ளிவந்தவர், "சார், இந்த சேர் வெளிய போகக்கூடாது" என்றார். பெட்டி தள்ளுகிற டிராலியில் என்னை வைத்து பாவாயி கார்வரை தள்ளினாள். போகிற வழியில், 'எங்கள் சேவை எப்படி' என்று கேட்டு, அழுகிற முகமும் சிரிக்கிற முகமும் போட்ட பொத்தான் பலகை ஒன்று இருந்தது. அழுகிற முகத்தை அமுக்கக் கையை நீட்டினேன். எட்டவில்லை.

இனி உன் கோபத்துக்கு வருகிறேன். விமானத்தில் ஏறினால் போனை அதற்கான மோடில் போட வேண்டும் என்று சொல்லியிருந்தாய் அல்லவா, கதவருகே தூக்கியபோதே போட்டுவிட்டேன். எடுக்க மறந்துவிட்டேன். பாவாயி போன் பெட்டியோடு பறந்துவிட்டது. நீ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் காவலரிடம் கெஞ்சி உள்ளே போய், பெட்டிகள் வருகிற பட்டையில் ஆள் இல்லாமல் 'அர்த்தநாரீஸ்வரர் துணை' என்று என் நாற்காலி மட்டும் சுற்றி வந்ததைப் பார்த்து, நான் போய்விட்டேன் என்று நினைத்து அங்கேயே அதைக் கட்டிக்கொண்டு கதறினாய் என்று அத்தை சொன்னார். அதே நேரத்தில் நான் ரோட்டோரக் கடையில் போண்டா தின்றுகொண்டிருந்தேன். போன் ஞாபகம் வந்து உன்னைக் கூப்பிட்டபோது வாயில் போண்டா இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். காலையிலிருந்து பட்டினி, சாமி. "செத்துட்டீன்னு நான் இங்க அழுதுக்கிட்டிருக்கறேன், நீ மென்னுக்கிட்டா பேசற?" என்று கேட்டு வைத்துவிட்டாய். அன்றைக்கு வைத்ததுதான்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அந்தச் சிரிக்கிற படத்தின் மேல். என்னை வராதே என்று சொல்லியிருந்தால் ரயிலில் வந்திருப்பேன். வா வா என்று எழுதி வைத்துவிட்டு வாசலில் திருப்பி அனுப்பியதைத்தான் தாங்க முடியவில்லை. இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இருந்த இடத்தை விட்டு அசைய வேண்டுமென்றால் பாவாயியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. புனேயிலிருந்து வருகிற நாமக்கல் லாரி எதுவானாலும் அதில் என் நாற்காலியைப் போட்டு அனுப்பு. இனி என் ஆயுசில் விமானம் பறக்கிற திசைக்குக்கூடத் தலையைத் தூக்கமாட்டேன். இது அர்த்தநாரீஸ்வரர்மேல் ஆணை.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். கனிஷ்காவும் அவள் வீட்டுக்காரரும் குறைவில்லாமல் நூறாண்டு வாழ, வர முடியாத தாய்மாமனின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அண்ணன், உயிரோடுதான் இருக்கும்
சென்னிமலை

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் கனிஷ்கா கூப்பிட்டுவிட்டாள். பட்டத்தை யாரும் கட்டவில்லையாம். நம் பெரியப்பா மகன் வேறு பட்டம் வாங்கிக் கட்ட வந்தபோது, "எங்க மாமன் கைதான் வேணும், இல்லைன்னா நெத்தி இப்படியே இருக்கட்டும்" என்று வெறும் நெற்றியோடு தாலி கட்டிக்கொண்டாளாம். நான் வைத்த பட்டம் இன்னும் டூல்ஸ் பெட்டிக்குள்தான் இருக்கிறதாம். ஆகவே மேலே எழுதிய ஆணையை அடித்துவிடு, வருகிற புதன்கிழமை விமானத்தில் வாரேன். டிக்கெட் அவளே போட்டுவிட்டாள். நாற்காலி என்று போட்டால் மறுபடியும் சர்ட்டிபிகேட், லாரி, சாவி என்று ஆரம்பிப்பார்கள் என்பதால், 'பயணி தானாக நடப்பார், படி ஏறுவார்' என்று போட்டிருக்கிறாள். உடனே டிக்கெட் வந்துவிட்டது. யாராவது போன் செய்து கேட்டால் நீயும் அப்படியே சொல். நாற்காலியை லாரியில் அனுப்பாதே, ஏர்போர்ட்டுக்கு எடுத்துவா. போன தடவை அது வந்தது, நான் வரவில்லை. இந்தத் தடவை ஒருவேளை நான் வந்துவிட்டால், உட்கார ஏதாவது வேண்டுமல்லவா?