மூன்று பூட்டுப் புகார்ப் பெட்டி

உலகத்தில் குழந்தைகளைக் காப்பாற்ற எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கலாம். ஆனால் மூன்று பூட்டுப் போட்டுக் காப்பாற்றிய ஊர் எங்கள் எலவனாசூர்கோட்டை ஒன்றுதான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. 'குழந்தைகள் வதைத் தடுப்புப் பொதுமக்கள் கூட்டுக் குழு'வின் செயலாளர் தனசேகரன் நான்தான்.

ஆண்டு 1987. இடஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் சாலைக்கு வந்த நேரம். நாடே பங்கு கேட்கும்போது எங்கள் குழு மட்டும் சும்மா இருக்குமா? மூன்று தெருவுக்கும் சரிபங்கு என்று முடிவாயிற்று. மேலத்தெருவுக்குத் தலைவர் சுப்புராயன், மாதாகோயில் தெருவுக்குத் துணைத்தலைவர் ராயப்பன், நடுத்தெருவுக்கு நான்.

பிள்ளைகள் புகார் எழுதிப் போடப் பள்ளிக்கூட வாசலில் ஒரு பெட்டி வைத்தோம். கோயில் உண்டியல் செய்கிற ஆசாரியிடம் சொன்னதால், அவர் வழக்கப்படி மூன்று பூட்டு வைத்துவிட்டார். தெருவுக்கொரு சாவி, மூன்றும் சேர்ந்தால்தான் திறக்கும். திருடன் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினோம். பிள்ளைகள் கைக்கும் எட்டவில்லை என்பது ஒரு சிறு 'நிர்வாகச் சிக்கல்'. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். அதைப் 'பொதுமக்கள் ஆதரவு' என்று அறிக்கையில் சேர்த்தேன்.

முதல் புகாரைப் போட்டவள் ரம்யா. வயது ஒன்பது. தாய் தகப்பன் பெங்களூரில் கட்டட வேலை. இவள் என் பக்கத்து வீட்டில், சித்தப்பாவின் பொறுப்பில். அந்த வீட்டில் சாயங்காலமானால் அழுகைச் சத்தம் கேட்கும். ஒரு செயலாளர் புகாரை எழுத்தில்தான் பெற வேண்டும், காதால் பெறக்கூடாது. ஆகவே நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன்.

நாங்கள் அச்சடித்துக் கொடுத்த படிவத்தை நிரப்பி, இரண்டு பிள்ளைகள் குனிந்து முதுகு கொடுக்க, அவள் ஏறி நின்று போட்டாள். ஆகா, என்ன கைதட்டல்! கலெக்டருக்குத் தந்தி கொடுக்கலாமா என்று தலைவர் கேட்டார்.

பெட்டியைத் திறப்பதுதான் பாக்கி. மறுநாளே சாலை மறியல். தலைவர் புளியமரத்தை வெட்டி ரோட்டில் போட்டுக் கைதானார். அரைஞாணில் கட்டியிருந்த சாவியைச் சிறை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு மணலூர்பேட்டை போன ராயப்பன், பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். என் சாவி மட்டும் கடமை தவறாமல் என் இடுப்பில் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் இட்லி விற்கும் தைலம்மாள் என்னைத் தேடி வந்தாள். குழுவில் எந்தப் பங்கும் இல்லாதவள்.

"பொண்ணு கையெல்லாம் சூட்டுத் தழும்பா இருக்குது. கூப்ட்டுக் கேட்டா அதுவே சொல்லிடப் போவுது. பொட்டிய இன்னாத்துக்குத் தொறக்கணும்?"

"புகார் ரகசியம்மா. படிக்காம விசாரிச்சா விதிமீறல்."

"அப்ப பூட்ட ஒடைங்க."

மற்ற இரண்டு தெருக்களின் மானம் அந்தப் பூட்டில்தான் தொங்குகிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு போனாள். போனவள் நேராக ரம்யாவைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். தாய்க்குத் தகவல் போனது. சித்தப்பாவைத் தேடிப் போலீஸ் வந்தது. குழுவின் அனுமதியின்றிக் குழந்தையைக் காப்பாற்றியது ஏன் என்று விளக்கம் கேட்டு, தைலம்மாளுக்கு நோட்டீஸ் தயாரித்தேன்.

ஒரு மாதம் கழித்து மற்ற இரண்டு சாவியும் ஊர் வந்து சேர்ந்தன. மேளம் கொட்டிப் பெட்டியைத் திறந்தோம். ஊரே கூடியிருந்தது. தைலம்மாள் பக்கத்தில் ரம்யாவும் நின்றாள். ரகசியம் காத்தது போதும், உரக்கப் படியுங்கள் என்று தலைவர் படிவத்தை என் கையில் கொடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்.

பெயர், ரம்யா. குற்றம், சூடு வைத்தல். செய்தவர், சித்தப்பா. கடைசியில் 'சாட்சி' என்று ஒரு கட்டம். அப்படியொரு கட்டம் கட்டாயம் வேண்டும் என்று கூட்டத்தில் வாதாடிச் சேர்த்தவன் நான்தான்.

அதில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "பக்கத்து வூட்டு செயலாளர் ஐயா. எனக்குச் சூடு வைக்கிறப்ப தெனமும் பாத்துட்டு, அப்பறம்தான் ஜன்னல சாத்துவாரு."