கேப்டனுக்கு நான் பிடித்துக் கொடுத்த சமையல்காரர்

ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடும் கண் எனக்கு உண்டு என்று ஒரு காலத்தில் நம்பினேன். அந்தக் கண்தான் என்னைச் சயாம் ரயில்பாதைக்கு அனுப்பப் பார்த்தது.

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா (இங்கிலீஷ் படித்த திமிர் தனி). வெள்ளைக்கார துரை ஓடிப்போன பங்களாவில் குடியேறிய ஜப்பானியக் கேப்டன், சமையலுக்கு ஆள் பிடிக்கச் சொன்னார்.

இரண்டு பேர் வந்தார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த அஞ்சலை, பால்மரம் சீவி ரப்பர் பால் எடுக்கிறவள். வெறுங்கால், புடவையெல்லாம் பால் கறை. அவளை வாசல் தாண்ட விடவில்லை. மற்றவர் அந்தோணி: காலில் சப்பாத்து, வெள்ளைச் சட்டை, பழைய துரைமார் ஐந்து பேர் எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதங்கள். முதல் வரியைப் படித்ததுமே வேலையைக் கொடுத்துவிட்டேன்.

"கிராணி ஐயா, கடுதாசியா கொழம்பு வைக்கப் போவுது?" என்று கேட்டுவிட்டுப் போனாள் அஞ்சலை.

மறுநாள் காலை கேப்டன் முன் குனிந்து வணங்கிய அந்தோணி, ஐந்து கடிதங்களையும் பெருமையாக அவர் கையிலேயே வைத்தார். எட்டிப் பார்த்த கேப்டனின் மொழிபெயர்ப்பாளர் வெளுத்துப் போனார்.

"இங்கிலீஷ்காரன் கொடுத்த சர்டிபிகேட்டா? என்னா வேலை செஞ்சிட்டீங்க லா அண்ணே!"

இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தவர்களே காணாமல் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. (எனக்கு அப்போதுதான் உறைத்தது!) கேப்டன் விட்ட அறை என் கன்னத்தில் விழுந்தது. பகல் சாப்பாடு சரியில்லை என்றால் நாங்கள் இருவரும் சயாமுக்கு ரயில்பாதை போடப் போக வேண்டும் என்றார். போனவர்கள் யாரும் திரும்பியதில்லை.

அடுப்படியில் இருந்ததோ மரவள்ளிக்கிழங்கும் கருவாடும்தான். அந்தோணி கண்கலங்கினார். "வெண்ண இல்லாம நான் சமைச்சதே இல்லியே, ஐயா!"

லயத்துக்கு ஓடினேன். "அஞ்சலை அக்கா!"

"நேத்து 'ஏய்'. இன்னிக்கு அக்காவா?" விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரிப்பு நின்றது. "வாரேன். ஒங்களுக்காக இல்ல. அந்த அந்தோணி அண்ணனுக்குப் புள்ளைங்க இருக்கு."

கிழங்கை அவித்து, கருவாட்டைச் சுட்டு, மாங்காயை மிளகாயோடு வைத்துச் சம்பல் அரைத்தாள். கேப்டன் மென்ற ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டேன். அந்தோணி தன் பங்குக்கு மாதாவைக் கூப்பிட்டார். தட்டு காலியானது. வேலை அஞ்சலைக்கு, அந்தோணி அவளுக்குக் கிழங்கு உரித்தார்.

இன்றைக்கும் யாரையாவது வேலைக்கு எடுக்க வேண்டுமென்றால் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வரும். தாளைத் தொடாமல், முதலில் வேலையைச் செய்யச் சொல்வேன். மகளைப் பெண் பார்க்க வந்த பட்டதாரி, சான்றிதழ் உறையைப் பிரிக்கப் போனார். பதறிப்போய், "அதெல்லாம் வேணாம் தம்பி! ஒரு சம்பல் அரைங்க பார்ப்போம்" என்றேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அரைத்தே விட்டார்.

இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும், விருந்துக்கு வந்தால் மருமகன் அம்மிக்கு முன் உட்கார்ந்து கேட்பார்: "மாமா, இப்பவாச்சும் வேல நிரந்தரமா லா?"