மடம் திருப்பி அனுப்பிய மகள்

நேப்பிள்ஸ், 1758, மே மாதம்

பிதோந்தோ பேராலயத்துக் குருவும் என் மனைவியின் அண்ணனுமாகிய மகா கனம் பொருந்திய லிபோரியோ சுவாமிகளின் சமூகத்துக்கு, தங்கை புருஷன் க்ரெஷென்சோ தஃபூரி தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை.

மகன் புல்ஜென்சியோவைச் சட்டம் படிக்கத்தானே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன்? அங்கே வணிகம் என்று ஒரு புதுப் பாடமாம். சரக்கு விற்பதை மீன்காரி தன் தாயிடம் கற்றுக்கொள்கிறாள், அதற்கு ஒரு பேராசிரியரும் மேடையுமா? அதைக்கூடப் பொறுத்தேன். அந்த மனிதர் லத்தீனை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நாம் சந்தையில் பேசுகிற பாஷையிலேயே பாடம் நடத்துகிறாராம்! லத்தீனில் எதைச் சொன்னாலும் ஆபத்தில்லை சுவாமி, வேலைக்காரர்களுக்குப் புரியாது. இது புரிந்து தொலைக்கிறதே! சாப்பாட்டு மேசையில் பையன் என்னிடம் கேட்கிறான்: "அப்பா, உங்க நாற்காலிக்குப் பின்னாடி கார்மினே நிக்கிறானே, அவன் என்னத்த உண்டாக்குறான்?"

"மரியாதையை உண்டாக்குறான்டா!"

"மரியாதையைத் தறியில போட்டு நெய்ய முடியுமாப்பா? சும்மா நிக்கிற கை ஒவ்வொண்ணும் நாட்டுக்கு நஷ்டம்."

சும்மா நின்ற கை அதைக் கேட்டுக்கொண்டுதானே நின்றது? மறுநாள் காலையில் கார்மினே வெள்ளிப் பொத்தான் வைத்த அங்கியை மடித்து என் கையில் கொடுத்தான். "எஜமான், சின்ன ஐயா சொன்னது நியாயமாத்தான் படுது. நான் பட்டுத் தறிக்குப் போறேன்" என்றான். அன்று முதல் வாசல் கதவை நானே திறக்கிறேன். எதிர் மாளிகைக்குப் புதிதாக வந்த மார்க்கி பட்டத்துப் பிரபு என் கையில் தொப்பியைக் கொடுத்து, "உங்க எஜமான் எழுந்தாச்சா?" என்று கேட்டார். எழவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன், வேறென்ன செய்ய?

இதெல்லாம் தூசு. இனிமேல்தான் இடி. மூத்த பெண்கள் இரண்டு பேருக்கும் சீதனம் கொடுத்ததில் வீடு துடைத்த மாதிரி ஆகிவிட்டது, கடைக்குட்டி வியொலாந்தேயைக் கன்னியர் மடத்துக்குக் கொடுப்பது என்று தாங்களும் நானும் சேர்ந்து முடிவு செய்தோம் அல்லவா? புல்ஜென்சியோ மேசையில் பேசிய பேச்சையெல்லாம் அவள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பெண் மோட்சத்தை நினைக்கிறாள் என்று நான் நினைத்தேன். மடம் புகும் நாளில் வெள்ளை உடுப்பு, வண்டி, வாசலில் அழுகிற அக்கம்பக்கம், தங்கள் தங்கை எல்லோரையும்விட உரக்க. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மடத்துத் தலைவி செராபீனா தாயார் முறைப்படி கேட்டார்: "மகளே, என்ன வேண்டி வந்தாய்?"

ஆண்டவரின் சமாதானம் வேண்டி என்று சொல்ல வேண்டும். இவள் சொல்கிறாள்: "தாயே, ஒரு சந்தேகம். இங்க செய்யற பாதாம் மிட்டாயெல்லாம் யாருக்குப் போகுது?"

"நீதிபதிகளுக்கு, பிரபுக்களுக்கு. காணிக்கையா."

"அவங்க பதிலுக்கு என்ன தராங்க?"

தாயார் யோசித்தார். "போன வருஷம் ஒருத்தர் வயித்துவலின்னு சொல்லியனுப்பினார்."

"அதையே வித்தா, மதிலுக்கு இந்தப் பக்கம் பசியில கிடக்கிற பொண்ணுங்களுக்குப் பாதாம் உரிக்கிற வேலை கொடுக்கலாமே. அவங்க கூலி ரொட்டிக்காரன்கிட்ட போகும், ரொட்டிக்காரன்கிட்டேருந்து மாவுக்காரனுக்கு..."

"வாயை மூடுடி!" என்று கத்தினேன்.

"நீர் மூடும், ஐயா" என்றார் தாயார். "நீ சொல்லும்மா. மாவுக்காரன்கிட்டேருந்து யாருக்கு?"

உழவன், தச்சன், துறைமுகத்துக் கப்பல் வரைக்கும் போனார்கள் சுவாமி! மதிய மணி அடித்தது. ஜெபத்துக்குப் போக வேண்டிய கன்னியர் எல்லாம் தடுப்புக்குப் பின்னால் வந்து நின்று கேட்கிறார்கள். கடைசியில் தாயார் என்னைக் கூப்பிட்டு, "உம்ம மகளை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போம். மிட்டாய் செய்ய உள்ளே நிறைய பேர் இருக்காங்க. வெளியே நின்னு விக்கத்தான் ஆளில்ல" என்றார்.

ஆண்டவருக்கென்று நேர்ந்த பெண்ணை ஆண்டவர் வீட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்று எந்த ஊரிலாவது கேட்டதுண்டா? தாங்கள் உடனே பேராயருக்கு எழுதி, அந்தத் தாயாரைக் கண்டித்து, இவளை உள்ளே சேர்த்து, அந்தப் பாடத்தையும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் குறைந்தபட்சம் லத்தீனிலாவது நடத்தச் சொல்ல வேண்டும். தங்கள் ஜெபத்தில் எங்களை மறவாதிருக்க வேண்டுமாய் முழந்தாளிட்டு வேண்டுகிறேன்.

தங்கள் ஆசீர் நாடும்
க்ரெஷென்சோ

பின்குறிப்பு: பேராயருக்கு ஒன்றும் எழுத வேண்டாம். மை காய்வதற்குள் வியொலாந்தே வந்து, "அப்பா, மாமா ஊர்ல பாதாம் நிறைய விளையுதே, அங்க என்ன விலை?" என்று கேட்டாள். மூத்தவர்கள் போன பிறகு இந்த வீட்டில் என்னிடம் யோசனை கேட்பார் யாரும் இல்லை. அன்று மடத்திலிருந்து திரும்புகிற வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன், அவள் கையை மட்டும் விடவில்லை. ஆகவே நல்ல பாதாமாகப் பார்த்து இருபது மூட்டை அனுப்பவும். சொந்தம் என்று விலையைக் குறைக்கக் கூடாது என்று அவள் எழுதச் சொல்கிறாள். குறைத்தால் அவளிடம் சொல்லாதீர்கள்.